கை கால் மரத்துப்போகிறதா? மரத்த இடத்தைக் கொண்டு காரணத்தைத் தேடும் முறை

சிறிய ஊர் ஒன்றில் பொது மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, "கை மரத்துப்போகிறது", "கால் மதமதவென்று இருக்கிறது" என்ற முறையீட்டைக் கேட்காத வாரம் இருந்ததில்லை. குறுகுறுப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, எரிச்சல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லால் அதைச் சொல்வார்கள். வருகிறவர்களில் பலர் அதற்குள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய "நரம்பு மாத்திரை"யைப் பல மாதம் விழுங்கியிருப்பார்கள், சிலர் எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டே வருவார்கள். மரத்திருப்பது எந்த இடம் என்று பேனா பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே இவ்விரண்டும் நடந்து முடிந்திருக்கும்.

மூளை, தண்டுவடம், தண்டுவடத்திலிருந்து பிரியும் 31 இணை நரம்புகள், அவை கிளைத்துச் செல்லும் கை கால் நரம்புகள் என்று நீளும் பாதையில் எங்கே தடை ஏற்பட்டாலும் நாம் அதை உணர்வது தோலில்தான். ஆனால் தடை இருக்கும் இடத்திற்கு ஏற்ப, மரக்கும் தோலின் எல்லை மாறும். ஆகவே மேலே படிப்பதற்கு முன், உணர்வு குறைந்த பகுதியின் ஓரத்தைப் பேனாவால் தோலின் மேலேயே கோடாக வரைந்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, வந்து போகிறதா அல்லது நிலையாக இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொத்தான் போடுவது, சாவி திருப்புவது, படி ஏறுவது ஆகியவற்றில் பலம் குறைந்திருக்கிறதா என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள். மரப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் அவகாசம் உண்டு; பலம் குறைந்தால் அந்த அவகாசம் சுருங்கிவிடும்.

## முதலில்: இவற்றுள் ஒன்று இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்

### சில நொடிகளில் உடலின் ஒரு பக்கம் மரத்தது அல்லது விழுந்தது

முகம், கை, கால் ஆகியவை ஒரே பக்கமாகத் திடீரென்று மரத்தால் அல்லது பலமிழந்தால், பேச்சு குழறினால், வாய் கோணினால், அது பக்கவாதம் என்றே கொண்டு 108-ஐ அழையுங்கள். வீட்டில் செய்யத்தக்க சோதனை ஒன்றே ஒன்றுதான்: நீரிழிவு உள்ளவராக இருந்தால், வண்டி வருவதற்குள் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள், ஏனெனில் சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். நோயாளி கடைசியாக நலமாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள்தான் போட முடியும். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை குழாய் செலுத்திக் கட்டியை எடுக்க முடியும். தூங்கி எழும்போது தெரிந்த பக்கவாதத்தில், எழுந்த நேரத்தையன்றிப் படுக்கப்போன நேரத்தையே கணக்கில் எடுப்பார்கள்.

தண்ணீர், காபி, மாத்திரை எதையும் வாயில் கொடுக்க வேண்டாம். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம், ஏனெனில் அடைப்பா, இரத்தக்கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே தெரியும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அப்படி வந்து மறைந்த தாக்குதலை அடுத்துப் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிகுதி. "சரியாகிவிட்டது, நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டிலேயே தங்கியவர்களை மறுநாள் தூக்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் எப்படிச் சொல்லி நிறுத்துவது என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

### பாதத்தில் தொடங்கிய பலவீனம் நாளுக்கு நாள் மேலேறுகிறது

வயிற்றுப்போக்கோ காய்ச்சல் சளியோ வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து, இரண்டு கால்களும் பலமிழந்து, அது தொடை, இடுப்பு, கை என்று சில நாட்களில் மேலேறினால், அது உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கியான்–பாரே நோயாக (ஜி.பி.எஸ்.) இருக்கலாம். 2025 ஜனவரியில் புணே நகரில் பலரை ஒரே நேரத்தில் தாக்கியபோது செய்தித்தாள்களில் அடிபட்ட பெயர் இதுதான். இதில் அஞ்ச வேண்டியது காலைப் பற்றியன்று, மூச்சுத் தசைகளைப் பற்றியே. ஆழ்ந்து மூச்சிழுத்து, விடாமல் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20 வரை எண்ண முடியாவிட்டால் மூச்சுத் தசை தளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எண்ண முடிந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. செயற்கைச் சுவாசக் கருவியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். இடையில் உள்ள சிறிய மருத்துவமனையில் சத்து ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாளை இழக்க வேண்டாம்.

### சிறுநீர் கழிக்கும் இடமும் பின்புறமும் மரத்துவிட்டன

முதுகுவலியோடு, மிதிவண்டி இருக்கையில் படும் பகுதி முழுவதும் மரத்து, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் கசிந்தாலோ, தண்டுவடத்தின் கீழேயுள்ள நரம்புக் கொத்து முழுவதும் நசுங்குகிறது என்று பொருள். அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் அன்றே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டிய நிலை இது. கூச்சத்தால் இந்த அறிகுறியைச் சொல்லாமல் விடுகிறவர்கள் மிகப் பலர், அதிலும் பெண்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

### தரையில் படுத்து உறங்கியவருக்குக் காலையில் கண்ணிமை தூக்க முடியவில்லை

வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை, குரல் மாறுதல் ஆகியவை உறங்கி எழுந்ததும் தெரிந்தால், கடித்த தடமும் வலியும் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் தீண்டியிருக்கலாம். அதன் நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி செல்லும் முனையைக் கெடுக்கிறது. கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

## கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கின்றன

என்னிடம் வரும் கை மரப்புகளில் பெரும்பங்கு இதுதான். நடுஇரவில் கை மரத்து விழிப்பு வரும், கையை உதறினால் சற்றுத் தணியும், காலையில் மறந்துபோகும். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. அங்கே வீக்கம் ஏற்பட்டால் நசுங்குவது நரம்புதான்.

அது தானா என்று அறிய, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டை மடித்து 60 நொடி வைத்திருங்கள். அதற்குள் மேற்சொன்ன விரல்களில் குறுகுறுப்பு வந்தால் ஐயம் வலுக்கிறது. மோதிரவிரலின் ஒரு பாதி மட்டும் மரத்து மறுபாதி நன்றாக இருந்தால் இன்னும் உறுதி. உள்ளங்கையில் கட்டைவிரல் மேட்டின் தோல் மட்டும் மரக்காமல் இருப்பதும் ஓர் அடையாளம், ஏனெனில் அந்தத் தோலுக்குச் செல்லும் கிளை அந்தக் குறுகிய வழிக்கு முன்பே பிரிந்துவிடுகிறது.

எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். மணிக்கட்டை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்கும் பழக்கம் முதலாவது. மாவு பிசைதல், தையல், நெடுநேரம் இருசக்கர வண்டி ஓட்டுதல், அதிரும் கருவி பிடித்தல் ஆகியவை அடுத்தவை. கருவுற்ற பெண்களுக்கு உடலில் நீர் கோத்து இது வரலாம். பேற்றுக்குப் பின் பெரும்பாலும் தானாகப் போய்விடும். அதன் பிறகு தைராய்டு குறைவு, நீரிழிவு, மூட்டுவாதம் ஆகியவற்றைத் தேட வேண்டும். இதற்கு இரத்தச் சோதனை போதும்.

சிகிச்சையும் அதே வரிசைதான். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் மட்டும் 6 வாரம் அணியுங்கள். பலர் இதிலேயே தேறிவிடுகிறார்கள். தேறாவிட்டால் நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்துடிப்பு எப்படிச் செல்கிறது என்று அளப்பது), ஸ்டீராய்டு ஊசி, கடைசியாக, மணிக்கட்டுக்குள் நரம்பை நெருக்கும் அந்தத் தடித்த பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்கும் சிறிய அறுவைச் சிகிச்சை. இரண்டு ஆண்டுக்காலம் வாரம் ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒரு தையற்காரப் பெண்ணுக்கு, என்னிடம் வரும்போது கட்டைவிரல் மேட்டின் தசை வற்றிக் குழிந்திருந்தது. ஊசி நூல் கோக்க முடியாமல் போன பிறகே அவர் வேறிடம் தேடினார். அறுவைச் சிகிச்சையால் இரவு மரப்பு நின்றது. ஆனால் வற்றிய தசை முழுவதும் திரும்பவில்லை. ஆகவே கட்டைவிரல் மேடு குழிவதைக் கண்டாலோ, பிடித்த பொருள் கை நழுவினாலோ இரவில் அணியும் பட்டையைச் சோதித்துக்கொண்டிராமல் நரம்பியல் அல்லது கை அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இந்த விரல்கள் மரப்பதற்குக் கழுத்து எக்ஸ்-ரே எடுத்து, "எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று சிகிச்சை தொடங்குவதையும் அடிக்கடி காண்கிறேன். ஐம்பது வயது கடந்த பெரும்பாலோரின் கழுத்து எக்ஸ்-ரேயில் தேய்மானம் தெரியும். அது மரப்புக்குக் காரணம் என்பதை எக்ஸ்-ரே சொல்லாது. மரத்த இடந்தான் சொல்லும்.

## சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரக்கின்றன

முழங்கையின் உட்புறம் இடிபட்டால் சுரீரென்று மின்சாரம் பாய்வது போலிருக்குமே, அங்கே ஓடும் நரம்பு இது. மேசை மேலும் வண்டிச் சன்னலின் மேலும் முழங்கையை ஊன்றுவது, கைபேசியைக் காதில் வைத்து முழங்கையை நெடுநேரம் மடித்திருப்பது, இரவில் கையை மடக்கிப் படுப்பது ஆகியவை பொதுவான காரணங்கள். முதல் ஒரு மாதம் இவற்றை நிறுத்திப் பாருங்கள். இரவில் முழங்கை மடங்காமல் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளலாம்.

மரப்பு மணிக்கட்டுக்கு அருகே நின்றுவிடுகிறதா, அல்லது முன்கையின் உட்புறம் வழியாக மேலேறுகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டோடு நின்றால் முழங்கை நரம்பு. முன்கையின் உட்புறமும் மரத்தால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும். பலத்தை அறிய, ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனி மடங்கினால் தசை தளர்ந்திருக்கிறது. அப்போது மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நம் நாட்டில் இந்த நரம்புக்கு இன்னொரு காரணத்தையும் கட்டாயம் தேட வேண்டும், அதைத்தான் மறந்துவிடுகிறோம். தொழுநோய் பெரும்பாலும் முதலில் பிடிக்கும் நரம்புகளுள் இது ஒன்று. முழங்கையின் உட்புற எலும்பு மேட்டுக்குப் பின்னே உள்ள குழியில் விரலை வைத்து உருட்டிப் பாருங்கள். நரம்பு கயிறு போலத் தடித்திருந்தால், அல்லது உடலில் எங்கேனும் நிறம் வெளுத்த, வியர்க்காத, தொட்டால் தெரியாத தேமல் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். வெளுத்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பேனா முனையால் தொடச் சொல்லிப் பார்ப்பதே போதுமான முதற்சோதனை. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் நோய் குணமாகிவிடும். விரல் மடங்கிய பிறகு வந்தால் நோய் குணமாகும், விரல் நிமிராது. அந்தப் பெயரைச் சொல்ல அஞ்சி, படைக் களிம்பு தடவிக்கொண்டே காலம் கடத்தியவர்களின் கையைப் பார்க்கும்போது ஏற்படும் வேதனையால்தான் இதைச் சற்று நீட்டி எழுதுகிறேன்.

## மணிக்கட்டு தொங்குகிறது, கையைத் தூக்க முடியவில்லை

நாற்காலியின் விளிம்பில் கையைத் தொங்கவிட்டோ, மயக்க உறக்கத்தில் புயத்தின் மேல் படுத்தோ எழுந்தவருக்கு மணிக்கட்டு தொங்கினால், மேற்கை எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்தியிருக்கிறது. முகமும் பேச்சும் காலும் சரியாக இருக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஐயமிருந்தால் பக்கவாதமாகவே கருதுங்கள். வெறும் அழுத்தமாக இருந்தால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் திரும்பிவிடும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் பட்டையும் இயன்முறைப் பயிற்சியும் வேண்டும்.

## கழுத்திலிருந்து வலி கையில் இறங்குகிறது

கழுத்தைத் திருப்பும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ வலி தோளைக் கடந்து கையில் இறங்கினால் கழுத்து நரம்பின் வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து அது பிரியும் இடம், அழுந்துகிறது. கட்டைவிரல் வரை சென்றால் ஆறாவது வேர், நடுவிரல் வரை சென்றால் ஏழாவது, சுண்டுவிரல் வரை சென்றால் எட்டாவது. உள்ளங்கையைத் தலையின் உச்சியில் வைத்தால் வலி தணிகிறதா என்று பாருங்கள். தணிந்தால் காரணம் கழுத்தில்தான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், ஓய்வும் வலி மருந்தும் பயிற்சியும் போதும். பலம் குறைந்தால் அல்லது 6 வாரம் கடந்தும் தணியாவிட்டால் எம்.ஆர்.ஐ.

இதனோடு வேறொன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கைவிரல்கள் மந்தமாகி, பொத்தான் போடவும் கையெழுத்துப் போடவும் தடுமாறி, கால்களும் விறைத்து நடை தள்ளாடினால், அழுந்துவது வேரன்று, தண்டுவடமே. வலியே இல்லாமலும் இது வரும். தலையைக் குனியும்போது முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் சிறுநீரை அடக்க முடியாமையும் உடன் வரலாம். நடை கெட்டுவிட்டது என்பதால் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, "பெரிதாக ஒன்றுமில்லை" என்ற அறிக்கையோடு வீட்டிலிருப்பவர்கள் உண்டு. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகள் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஆகையால் கழுத்தில் அழுந்தினால் இடுப்புப் படத்தில் அது தெரியாது. நடை விறைத்திருந்தால் கழுத்தையும் முதுகையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இங்கே நாட்களைக் கடத்துவது விலை மிக்க தவறு.

## தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிகிறது

முழங்காலுக்கு மேலே, கால்சட்டைப் பையில் கை விட்டால் படும் பகுதியில் மட்டும் எரிச்சலோ மரப்போ இருந்து, பலம் குறையாமலும் முதுகுவலி இல்லாமலும் இருந்தால், பெரும்பாலும் இடுப்பெலும்பின் முன்விளிம்பில் ஒரு தோல் நரம்பு நெருக்கப்படுகிறது. இறுக்கிய இடுப்புவார், இறுகக் கட்டிய பாவாடை நாடா, உடல் எடை, கருவுற்ற வயிறு ஆகியவையே காரணம். நாடாவைத் தளர்த்தி, சில வாரம் பொறுத்துப் பாருங்கள். ஸ்கேன் வேண்டாம்.

## முதுகிலிருந்து ஒரு காலில் வலி இறங்குகிறது. அல்லது பாதம் தொங்குகிறது

வலி பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கி, பெருவிரலில் மரத்தால் ஐந்தாம் இடுப்பு வேர். பாதத்தின் வெளியோரத்திலும் சுண்டுவிரலிலும் மரத்தால் அதற்கடுத்த வேர். சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலால் பத்தடியும் முன்பாதத்தால் பத்தடியும் நடந்து பாருங்கள். இரண்டும் முடிந்தால், வலி எத்தனை கடுமையாக இருந்தாலும், காத்திருக்கலாம். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு (டிஸ்க்) விலகுவதால் வரும் இத்தகைய வலி, பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்திற்குள் அறுவையின்றித் தணிகிறது. படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடமாடுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்க அவசரப்படாததற்குக் காரணம் செலவு மட்டுமன்று. முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும் 20 வயதினரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் வட்டுப் பிதுக்கம் தெரிகிறது. படத்தில் கண்ட பிதுக்கத்தை உங்கள் மரத்த விரலோடு பொருத்திப் பார்த்த பிறகே அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். காய்ச்சல், காரணமற்ற எடை இழப்பு, முன்னர் வந்த புற்றுநோய், விழுந்த அடி ஆகியவை இருந்தால் மட்டும் 6 வாரக் காத்திருப்பு பொருந்தாது.

குதிகாலால் நிற்க முடியாமல் பாதம் தொங்கினால் இரண்டு இடங்களைப் பிரித்தறிய வேண்டும். உட்கார்ந்து, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அதற்குப் பலம் இருந்து, முதுகுவலியும் இல்லாவிட்டால், முழங்காலுக்கு வெளியே எலும்பு முனையைச் சுற்றிச் செல்லும் நரம்பு அழுந்தியிருக்கலாம். நெடுநேரம் சம்மணமிட்டோ குந்தியோ இருந்து வேலை செய்தவர்கள், குறுகிய காலத்தில் மிகவும் மெலிந்தவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள் ஆகியோரிடம் இதைக் காண்கிறேன். கால் மேல் கால் போடுவதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். உள்பக்கம் திருப்பவும் பலமில்லாவிட்டால் காரணம் முதுகில் இருக்கிறது. அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

## இரண்டு பாதமும் காலுறை போட்டது போல் மரக்கின்றன

விரல் நுனியில் தொடங்கி, மாதக்கணக்கில், இரண்டு பக்கமும் சமமாக மேலேறும் மரப்பு இது. முதுகிலிருந்து கால்விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள நரம்பிழைகள்தான் உடலின் குறைபாடுகளுக்கு முதலில் பலியாகின்றன. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து வந்தேன் என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் அவர் பாதத்தின் அடியைத்தான் திருப்பிப் பார்ப்பேன்; அவர் அறியாத புண் அங்கே இருப்பதுண்டு.

வீட்டுச் சோதனை எளிது. கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, அழுத்தாமல், ஒன்றிரண்டு நொடி உங்கள் விரலால் தொடுங்கள். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் பாதத்தின் காவல் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரின் பெயரால் வழங்கும் இந்தத் தொடு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் நீரிழிவு: வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரி 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, மறுமுறை பார்த்தும் அப்படியே இருந்தால் நீரிழிவு. அதற்குச் சற்றுக் கீழே, எல்லையில் இருக்கும்போதே நரம்பு பாதிக்கப்படுவதும் உண்டு.

அடுத்து உட்கொள்ளும் பொருட்கள்: மது முதலிடம். காசநோய் மருந்தான ஐசோனியாசிடைப் பி6 இல்லாமல் எடுத்தால் பாதம் எரியும். புற்றுநோய் மருந்துகளில் சிலவும் அப்படியே. பி6 தேவைக்குறைவாலும் மரக்கும், அளவு மிஞ்சினாலும் மரக்கும். பலரும் அறியாத செய்தி இது. ஆண்டுக்கணக்கில் "நரம்பு மாத்திரை" விழுங்குகிறவர்கள் அட்டையின் பின்புறம் உள்ள பி6 அளவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதன் பின் பி12: பால் முட்டை இறைச்சி மிகக் குறைவாக உண்பவர்கள், மெட்ஃபார்மின் பல ஆண்டு எடுப்பவர்கள், வயிற்றுப்புண்ணுக்கான மாத்திரையை நிறுத்தாமல் எடுப்பவர்கள், இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இது குறையும். பி12 குறைந்தால் கை கால் நரம்பு மட்டுமன்றித் தண்டுவடத்தின் பின்பகுதியும் கெடும். முகம் கழுவக் கண்ணை மூடிக் குனியும்போது தள்ளாடுகிறதா என்று கேட்பேன். ஆம் என்றால் சோதனை முடிவு வரும்வரை கூடக் காத்திருக்க மாட்டேன், இரத்தம் எடுத்தவுடன் ஊசியைத் தொடங்கிவிடுவேன். பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால், இரத்தசோகை சரியாகித் தோற்றம் தேறும், நரம்போ தொடர்ந்து கெட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு. இத்தனையும் சரியாக இருந்தால் நரம்புக் கடத்தல் சோதனை. மரப்பு விரைந்து பரவினாலோ, ஒரு பக்கம் மிகுந்து மறுபக்கம் குறைந்து சமமின்றி இருந்தாலோ, பலம் குறைந்தாலோ நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

காரணத்தைச் சரிசெய்த மறுவாரமே உணர்வு திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அறுபட்ட நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், பிரிகாபலின், டுலாக்ஸெடின் ஆகியவை எரிச்சலைத் தணிக்குமே தவிர மரத்த உணர்வைத் திருப்பித் தரமாட்டா. அதுவரை பாதத்தைக் கண்தான் காக்க வேண்டும்: வெந்நீர்ப் பை, ஒத்தடம், காலை நெருப்பருகே நீட்டுவது எதுவும் வேண்டாம், உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்தின் கல்தரையில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம், காலையோ மாலையோ செல்லுங்கள், இரவு படுக்குமுன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியைப் பாருங்கள்.

## முகத்தின் ஒரு பக்கம் கோணியது

இருவகை உண்டு. புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். கோணிய பக்கத்தில் நெற்றி சுருங்கினால், கோளாறு மூளையில் இருக்கலாம். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆணை வருவதால் அது தப்பிக்கிறது. மேலே பக்கவாதத்திற்குச் சொன்னபடி செய்யுங்கள். நெற்றியும் சுருங்காமல் கண்ணும் மூடாவிட்டால், முக நரம்பே வீங்கியிருக்கிறது. காற்று பட்டதால் வருவதாகச் சொல்லப்படும் முகவாதம் இதுதான். கை காலில் சிறு மாற்றம் இருந்தாலும் இந்தப் பிரிவினையை நம்பாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

முகவாதத்திற்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பலன் மிகுதி. எண்ணெய் தடவி ஒரு வாரம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் காலத்தை இழந்துவிடுகிறார்கள். மூடாத கண் உலர்ந்து கருவிழி புண்ணாகாமலிருக்கப் பகலில் சொட்டு மருந்தும் இரவில் இமையை ஒட்டி வைப்பதும் கட்டாயம். காதில் கொப்புளம் இருந்தால் அதை மருத்துவரிடம் தனியே சொல்லுங்கள். மூன்று வாரமாகியும் சிறிதும் அசைவு திரும்பாவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும்.

## வாயைச் சுற்றியும் இரண்டு கைவிரல்களிலும் ஒரே நேரத்தில் குறுகுறுக்கிறது

பதற்றத்தில் வேகமாக மூச்சுவிடும்போது இப்படி வரும். விரல்கள் இழுத்துக்கொள்வதும் உண்டு. பக்கத்தில் அமர்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் அடங்கும். மூக்கையும் வாயையும் காகிதப் பையால் மூட வேண்டாம். தைராய்டு அறுவை செய்துகொண்டவருக்கு இது வந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம். அன்றே சோதிக்க வேண்டும்.

## எல்லாச் சோதனையும் சரி, பாதம் மட்டும் எரிகிறது

நரம்புக் கடத்தல் சோதனை பருத்த இழைகளை மட்டுமே அளக்கிறது. வலியையும் சூட்டையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அறிக்கை "இயல்பு" என்றே வரும். அதைக் கண்டு, நோயாளி கற்பனை செய்கிறார் என்று வீட்டார் முடிவுகட்டுவது பெருந்துன்பம். குளிர்ந்த டம்ளரையும் வெதுவெதுப்பான டம்ளரையும் வேறொருவர் மாற்றி மாற்றிப் பாதத்தில் வைக்க, நோயாளி கண்ணை மூடியபடி எது எதுவென்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்; வெறும் வயிற்றுச் சர்க்கரை தப்பவிடுவதை அது பிடிக்கும். அதுவும் சரியாக இருந்தால், கணுக்காலுக்கு மேலே சிறு துளி தோல் எடுத்து இழைகளை எண்ணும் சோதனை பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் உண்டு. அதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், எரிச்சலுக்கான மருந்தை இன்றே தொடங்கலாம். சர்க்கரையையும் பி12-ஐயும் ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள்.